காலாண்டு விடுமுறையும் மாரா ஆறும்

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில், காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் வழியாக வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்குக் குடும்பத்தோடு போனோம். பறவைகள் மிரளக்கூடாதென்று தீபாவளிக்கே வெடி வெடிக்காத கொள்ளுக்குடிப்பட்டியில், அந்த ஆண்டு கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. "மழையக் கேக்காம காலண்டரக் கேட்டு வந்தா எப்படிங்க?" என்றார் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர்.

கென்யாவுக்குச் சஃபாரி போவதென்று முடிவானபோது அதே தவற்றைச் செய்ய இருந்தோம். என் மனைவி ஆசிரியை. ஆகவே மே மாதம் என்பது வீட்டில் பேச்சில்லாமலே தீர்மானமாகியிருந்தது. மே மாதத்தில் கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் சிங்கமும் யானையும் இருக்கும், அவை அங்கேயே வாழ்பவை. ஆனால் நாங்கள் பார்க்க விரும்பிய, மாட்டைப் போலிருக்கும் மான் வகையான வில்டபீஸ்ட் மந்தைகள் அப்போது எல்லைக்குத் தெற்கே, தான்சானியாவில் இருக்கும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அந்த விலங்குகள், வரிக்குதிரைகளோடு சேர்ந்து, மழையையும் அது முளைக்கவைக்கும் புல்லையும் பின்தொடர்ந்தே ஆண்டு முழுவதும் சுற்றி வருகின்றன. எரிமலைச் சாம்பல் படிந்து தாதுச்சத்து மிகுந்த செரங்கெட்டியின் தென்சமவெளியில், பிப்ரவரியை ஒட்டிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. அத்தனையும் ஒரே சமயத்தில் பிறப்பதால், கழுதைப்புலிகளும் சிங்கங்களும் எவ்வளவு தின்றாலும் மீதி பிழைத்துக்கொள்ளும். அங்கே புல் காய்ந்ததும் மேற்கே நகர்ந்து, ஏறக்குறைய ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையில் மேய்ந்துவிட்டு, நவம்பர் மழையோடு தெற்கே திரும்புகின்றன.

செப்டம்பர் இறுதியில் வரும் காலாண்டு விடுமுறை இதற்குப் பொருந்துகிறது. நாட்கள் குறைவுதான். பயண முகவர் ஒருவர், பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, வைரவன்பட்டியை ஒரே காலையில் முடிப்பதுபோல, ஆறு நாளில் ஐந்து பூங்காக்களைக் காட்டுவதாகச் சொன்னார். வேண்டாமென்று, ஆற்றுக்கு அருகே ஒரே முகாமில் நான்கு இரவுகள் எடுத்திருக்கிறோம். ஆற்றைக் கடக்கக் கரைவரை வந்த மந்தை முதலைக்கு அஞ்சி மணிக்கணக்கில் நின்றுவிட்டு, இறங்காமலே திரும்பிப் போவதும் உண்டு. காத்திருக்க நாள் இல்லாதவர்கள் அந்த ஆற்றுக்குப் போவதில் எனக்குப் பொருள் தெரியவில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் சென்னை கிண்டியிலுள்ள கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையத்தில் போட்டுக்கொண்டோம். புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால், இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள்.

இப்போதைய சிக்கல் அப்பத்தாவிடம். நைரோபியிலிருந்து மாராவுக்குப் போகும் சிறு விமானத்தில், கைப்பை உட்பட ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்கக்கூடிய துணிப்பையில். அப்பத்தா சீப்புச்சீடையையும் மாவுருண்டையையும் எவர்சில்வர் தூக்கில் அடைத்து, மூடியைத் துணியால் கட்டி, வளவில் எடுத்து வைத்திருக்கிறார். நேற்றிரவு எடை போட்டேன்: தூக்கோடு மூன்றே கால் கிலோ. சீடை வரும், தூக்கு வராது என்று இன்னும் அவரிடம் சொல்லவில்லை.