ஆராய்ச்சிக்கு என்னைத் தயார்செய்த வகுப்புகள்

இளநிலை உயிரியலில் படித்தவற்றில் எது முனைவர் பட்ட ஆய்வுக்குக் கைகொடுத்தது என்று ஜூனியர்கள் கேட்பதுண்டு. மூலக்கூறு உயிரியல் வகுப்பில் செய்த ஒரு பயிற்சியைத்தான் முதலில் சொல்வேன்.

மெசல்சன், ஸ்டால் என்ற இரு விஞ்ஞானிகள் 1958-ல் வெளியிட்ட டி.என்.ஏ. பரிசோதனை அது. எங்கள் ஆசிரியை முடிவுகளை மறைத்துவிட்டு, செய்முறையை மட்டும் கையில் கொடுத்தார். ஈ.கோலை பாக்டீரியாவைக் கனமான நைட்ரஜன்-15 உள்ள ஊடகத்தில் வளர்த்து, அப்புறம் சாதாரண நைட்ரஜன்-14-க்கு மாற்றுகிறார்கள். அதன்பின் உருவாகும் புது இழைகள் லேசாக இருக்கும். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து வேகமாகச் சுழற்றினால், கனத்துக்கேற்ப அது குழாயில் வெவ்வேறு உயரத்தில் பட்டையாகத் தங்கும். டி.என்.ஏ. எப்படி இரட்டிக்கிறது என்பதற்கு அப்போது மூன்று கருத்துகள் இருந்தன. பழைய இழைகள் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். பழையது ஒன்றும் புதியது ஒன்றும் இணையும். பழையதும் புதியதும் துண்டு துண்டாகக் கலந்துவிடும். ஒவ்வொரு கருத்தும் உண்மையானால் பட்டைகள் எங்கே தெரியும் என்று நாங்களே வரைய வேண்டும்.

வரைந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. முதல் தலைமுறையில் நடுவே ஒரே பட்டை வந்தால் முதல் கருத்து விழுந்துவிடும். மற்ற இரண்டையும் பிரித்தறிய இரண்டாம் தலைமுறை வரை போக வேண்டும். அங்கே நடுவில் ஒன்று, லேசானது ஒன்று என இரண்டு பட்டைகள் தெரிந்ததால்தான் இரண்டாவது கருத்து நிலைத்தது. இன்றும் ஒரு பரிசோதனையைத் தொடங்குமுன் இப்படி வரைந்து பார்க்கிறேன். எல்லாக் கருதுகோள்களுக்கும் ஒரே படம் வந்தால் அந்தப் பரிசோதனையைக் கைவிட்டுவிடுவேன்.

வழக்கமான செய்முறை வகுப்புகளில் பிப்பெட் பிடிக்கவும் கரைசல் தயாரிக்கவும் கை பழகியது. அது பெரிய உதவிதான். ஆனால் விடை முன்பே தெரியும் என்பதால், எதிர்பாராத முடிவைத் துருவிப் பார்க்க அங்கே வேலையே இல்லை. அந்தப் பழக்கம் இறுதியாண்டு புராஜெக்டில்தான் வந்தது. டி.என்.ஏ.வைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் முறையைச் செய்தபோது, ஒப்பிடுவதற்காக டி.என்.ஏ. சேர்க்காமல் வைத்த கன்ட்ரோல் குழாயிலும் டி.என்.ஏ. இருப்பதைக் காட்டும் பட்டை தெரிந்தது. அப்படியென்றால் மற்ற குழாய்களின் முடிவையும் நம்ப முடியாது. வெறுமனே திரும்பச் செய்ய விடாமல், வெளி டி.என்.ஏ. எந்த வழியாக நுழைந்திருக்கும் என்று யோசிக்கச் சொன்னார் நெறியாளர். ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்தோம். கடைசியில் தண்ணீர் மாசுபட்டிருந்தது தெரிந்தது. முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலில் அதிக நேரம் பேசியது இதைப் பற்றித்தான்.

புள்ளியியலை மட்டும் சூத்திரமாகவே படித்துவிட்டோம். சொந்தத் தரவை வைத்துக் கற்றுக்கொடுத்திருந்தால் ஆய்வின் தொடக்கம் எளிதாக இருந்திருக்கும்.

புராஜெக்டுக்கு ஆய்வகம் தேடுபவர்கள், அது பிரபலமானதா என்பதைவிட, உங்களுக்கென்று ஒரு சின்னக் கேள்வி கிடைக்குமா, சரியாக வராததைத் திரும்பச் செய்ய நேரம் தருவார்களா என்று அங்கே வேலை செய்யும் மாணவர்களிடமே கேளுங்கள்.