வேர்க்கிற சூடு, வேர்க்காத சூடு

எனக்கு வந்தது ஒரு சூடு இல்லை, இரண்டு. இதைப் பிரித்துப் பார்க்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மாதவிடாய் தாறுமாறாக வரும் 46 வயதுப் பெண் "திடீர்னு குப்புன்னு சுடுது" என்று சொன்னால், யாரும் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்பதில்லை. மதினி, பள்ளியில் கூட வேலை பார்க்கும் ஆசிரியைகள், முதலில் போய்ப் பார்த்த டாக்டர் என எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "அந்த வயசு, அப்படித்தான் இருக்கும்." அந்தப் பதிலில் பாதி சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடித்தது எப்படி என்பதைத்தான் எழுதுகிறேன். எனக்கு இருந்த இதே குழப்பத்தோடு எத்தனையோ பேர் உட்கார்ந்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் ராத்திரியில் வந்ததைச் சொல்கிறேன். நல்ல தூக்கத்தில் இருக்கும்போது நெஞ்சுக்கு நடுவில் ஒரு சூடு கிளம்பும். அது கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறும். கூடவே படபடப்பு. சில நிமிடத்தில் நைட்டி நனைந்து முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது அடங்கியதும் அதே ஃபேன் காற்றில் உடம்பு வெடவெடக்கும், போர்வையைத் தேடுவேன். ஒரு ராத்திரியில் இரண்டு மூன்று முறைகூட வரும். ஒருமுறை காய்ச்சலோ என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 98.4 காட்டியது.

பகலில் வந்தது வேறு மாதிரி. மதியச் சாப்பாடு முடிந்து இரண்டு மணியைத் தாண்டினால் கன்னமும் காதும் காந்த ஆரம்பிக்கும், மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்தது போல. அரை மணி நேரம் இருக்கும், சில நாள் அதற்கும் மேல். ஒரு சொட்டு வியர்வை கிடையாது, பின்னால் வரும் குளிரும் கிடையாது. மதுரை வெயிலில், தகரக் கூரை போட்ட வகுப்பறையில் நின்று பாடம் நடத்துகிற எனக்கு இது வெயில் சூடா, உடம்புச் சூடா என்றே நெடுநாள் தெரியவில்லை. ஆனால் மார்கழியிலும் வந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதை யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். நான் நல்ல கறுப்பு. "முகம் சிவக்குதா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? கண்ணாடியில் பார்த்தால் என் முகம் எப்போதும் போலத்தான் இருக்கும், கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த மாதிரி தெரியும், அவ்வளவுதான். வெளியில் இருந்து வரும் படங்களில் எல்லாம் வெள்ளைக்காரப் பெண்ணின் கன்னம் செக்கச்செவேலென்று இருக்கிறது. நம் தோலில் அது தெரியாது. அதனால் நமக்கு வரவில்லை என்று ஆகிவிடாது. புறங்கையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் சுடும், காது மடல் கொதிக்கும். எனக்கு அதுதான் அடையாளம்.

முதல் டாக்டர் ஒரு ஹார்மோன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். எஃப்எஸ்ஹெச் என்று பெயர். அதில் வந்த எண் அவருக்கும் தெளிவாக எதுவும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்குப் பொதுவாக அந்த டெஸ்ட் தேவையே இல்லை. மாதவிடாய் எப்படி மாறியிருக்கிறது, உடம்பு என்ன செய்கிறது என்பதை வைத்தே பெரிமெனோபாஸ், அதாவது மாதவிடாய் முழுசாக நிற்பதற்கு முந்தைய கட்டம், என்று சொல்லிவிடலாம். அந்தச் சமயத்தில் ஹார்மோன்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், இன்றைக்கு ஓர் எண் வரும், அடுத்த வாரம் இன்னொன்று வரும். சரி, செலவு செய்தாயிற்று.

அம்மா தன் பங்குக்கு வெந்தயம் ஊற வைத்துக் குடிக்கச் சொன்னார், வாரம் ஒருமுறை எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார். எண்ணெய்க் குளியல் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், அதை மறுக்க மாட்டேன். மதியம் வந்த காந்தல் மட்டும் எதற்கும் அசையவில்லை.

இந்த அசையாத காந்தல்தான் எனக்கு உறுத்தலாக இருந்தது. வீட்டில் கிடந்த பழைய வருகைப் பதிவேடு ஒன்றில் கட்டம் போட்டு எழுதத் தொடங்கினேன். எந்த நேரத்தில் வந்தது, எங்கே ஆரம்பித்தது, வேர்த்ததா, எவ்வளவு நேரம் இருந்தது, பின்னால் குளிர்ந்ததா, அதற்கு முன் என்ன சாப்பிட்டேன், என்ன மாத்திரை போட்டேன், மாதவிடாய் வந்த தேதி என்ன. சில வாரம் எழுதிய பிறகு பக்கத்தைப் பார்த்தால் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை. 'வேர்த்தது' என்ற கட்டத்தில் இருந்ததெல்லாம் ராத்திரி. 'வேர்க்கவில்லை' என்பதெல்லாம் மதியம். இரண்டும் ஒன்றோடொன்று கலக்கவே இல்லை.

அந்தப் பதிவேட்டோடு ஒரு மகப்பேறு மருத்துவரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், நிதானமானவர். பக்கங்களைப் புரட்டிவிட்டு, "இத எழுதிட்டு வந்தீங்க பாருங்க, இதுக்குத்தாம்மா நாங்க ஏங்குறோம்" என்றார். அப்புறம் அவர் சொன்ன விளக்கம் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

மூளையில் ஹைபோதலாமஸ் என்ற பகுதிதான் உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்கிறது. கொஞ்சம் ஏறினாலும் கொஞ்சம் இறங்கினாலும் பொறுத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தும் கூடியும் ஆட்டம் காட்டும்போது, அங்கே இருக்கிற சில நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிப்பாகிவிடுகின்றன, அந்தப் பொறுமை சுருங்கிவிடுகிறது. இம்மியளவு வெப்பம் கூடினாலே உடம்பு கொதிக்கிறது என்று முடிவு செய்து, தோலில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கச் சொல்கிறது, வியர்வையைக் கொட்டச் சொல்கிறது. கட்டளை மூளையிலிருந்து நரம்பு வழியாக வருவதால் சூடும் வியர்வையும் சேர்ந்தே வரும். வேர்த்து வெப்பம் போனதும் உடம்பு குளிர்ந்து நடுங்கும். ராத்திரி எனக்கு நடந்தது அப்படியே இதுதான்.

"ஆனா வேர்க்காம முகம் மட்டும் காந்துதுன்னா, மூளை சொல்லாம ரத்தக் குழாயே நேரா விரியுதுன்னு நெனைக்கணும். ஒரு மருந்தா இருக்கலாம், உடம்புல சுரக்குற வேற ஏதாவதா இருக்கலாம், தோல்லயே கோளாறா இருக்கலாம். அத மெனோபாஸ் கணக்குல எழுதக் கூடாது" என்று சொல்லி ஒரு பொது மருத்துவருக்குக் கடிதம் கொடுத்தார்.

அதற்குள் நான் இணையத்தில் தேடிப் படித்துப் பயந்துபோயிருந்தேன். கார்சினாய்டு என்று ஒரு வகைக் கட்டி, பெரும்பாலும் குடலில் வரும். வியர்வை இல்லாமல் முகம் காந்தும், கூடவே பேதியும் மூச்சிளைப்பும் இருக்கும். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துச் சோதிப்பார்கள், அதற்கு முன் சில நாள் வாழைப்பழம், அன்னாசி, தக்காளி எல்லாம் தொடக் கூடாது. அட்ரினல் சுரப்பியில் வரும் கட்டி இன்னொன்று. அதில் பிபி எகிறும், தலை பிளக்கும், வேர்த்துக் கொட்டும், ஆனால் முகம் காந்துவதைவிட வெளிறிப்போவதுதான் அதிகம். இரண்டுமே மிக அபூர்வம். எல்லா டெஸ்ட்டையும் எடுத்துவிடலாமா என்று பொது மருத்துவரிடம் கேட்டேன். "எடுக்க வேண்டிய நேரம் வந்தா எடுப்போம். முதல்ல நீங்க போடுற மாத்திரை எல்லாத்தையும் மேஜையில வைங்க" என்றார்.

வைத்தேன். பிபி மாத்திரை, கால்சியம், நரம்பு வலிக்கென்று வாங்கிய பி வைட்டமின் மாத்திரை. வைட்டமின் அட்டையை அவர் கவனமாகப் படித்தார். அதில் நியாசின் நிகோடினிக் அமிலமாக இருந்தால் முகம் நன்றாகவே காந்துமாம், நியாசினமைடு என்ற வடிவத்தில் இருந்தால் காந்தாது. என்னுடையது இரண்டாவது வகை. அப்புறம் பிபி மாத்திரையை எடுத்துப் பார்த்தார். அம்லோடிபின், 10 மில்லி கிராம். 5 போட்டுக்கொண்டிருந்த எனக்கு அதை 10 ஆக்கியது எப்போது என்று கேட்டார். மதியக் காந்தல் தொடங்கியதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

அம்லோடிபின் ரத்தக் குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்தித்தான் பிபியைக் குறைக்கிறது. குழாய் தளர்ந்தால் சிலருக்கு முகம் காந்தும், கணுக்கால் வீங்கும். இரண்டும் அளவு கூடக் கூட அதிகமாகும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். போட்ட 6 மணி முதல் 12 மணி நேரத்துக்குள் ரத்தத்தில் அது உச்சத்துக்குப் போகும். நான் காலை எட்டு மணிக்குப் போடுகிறவள். மதியத்துக்கு மேல் சூடான ரசமும் சேர்ந்துகொள்கிறது. சாயங்காலம் செருப்பு வார் பதிந்து கால் வீங்குவதை, நின்றுகொண்டே வேலை பார்ப்பதால் வருவது என்று நான் ஒரு டாக்டரிடமும் சொன்னதே இல்லை. அவர் கணுக்காலை விரலால் அழுத்தினார், குழி விழுந்தது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பிபி மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. அவர் அதற்குப் பதில் டெல்மிசார்டன் எழுதிக் கொடுத்தார். எழுதுவதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி என்னை ஆச்சரியப்பட வைத்தது: "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆயிடுச்சா?" இரண்டாவது பிரசவத்தோடு ஆயிற்று என்றேன். அந்த மருந்து வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கெடுதலாம். மாதவிடாய் முறை தவறிவிட்டது என்பதற்காகக் கரு தங்காது என்று நினைக்கக் கூடாது, முழுசாக நிற்கும்வரை வாய்ப்பு இருக்கிறது என்றார்.

கூடவே சில டெஸ்ட்டுகள் எடுத்தோம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் சூடு தாங்காது, படபடக்கும், கை நடுங்கும், அதனால் டிஎஸ்ஹெச் பார்த்தார்கள். ராத்திரி நனையும் அளவுக்கு வேர்த்தால் நம் ஊரில் காசநோயையும் நினைத்தே ஆக வேண்டும் என்று நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எடை குறைகிறதா, சாயங்காலக் காய்ச்சல், இருமல், கழுத்தில் கட்டி உண்டா என்று விசாரித்தார்கள். சர்க்கரை, ரத்த அணுக்கள் எல்லாம் பார்த்தார்கள். எல்லாமே சரியாக இருந்தது.

மாத்திரையை மாற்றிய உடனே எதுவும் நின்றுவிடவில்லை. அம்லோடிபின் உடம்பைவிட்டு மெதுவாகத்தான் போகும், பத்து நாள் பொறுங்கள் என்று சொல்லியிருந்தார். பதிவேட்டில் மதியக் கட்டங்கள் முதலில் இடைவெளி விட்டன, அப்புறம் காலியாகவே இருந்தன. கால் வீக்கமும் வடிந்தது. இது நிற்காமல் இருந்திருந்தால் அந்தச் சிறுநீர் டெஸ்ட்டுக்கும், ரோசேசியா என்ற, முகம் காந்தும் தோல் நோய் இருக்கிறதா என்று தோல் மருத்துவருக்கும் போயிருப்போம்.

ராத்திரி வேர்ப்பது மட்டும் குறையவில்லை. குறையாது என்று மகப்பேறு மருத்துவர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஹார்மோன் சிகிச்சையைப் பற்றி அவரோடு நீண்ட நேரம் பேசினேன். 2002-ல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றுதான் ஹார்மோன் என்றாலே மார்பகப் புற்றுநோய் என்ற பயத்தைக் கிளப்பியது. அதில் இருந்த பெண்களின் சராசரி வயது 63. அறுபதுக்குள் இருப்பவர்களுக்கு, மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கினால், வேறு தடை இல்லாத பலருக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய கணக்கு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்கு இது ஆகாது. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு வென்லாஃபாக்சின், கேபாபென்டின் போன்ற வேறு மருந்துகளும் இருக்கின்றன.

மேமோகிராமும் கர்ப்பப்பை ஸ்கேனும் எடுத்த பிறகு எனக்கு ஈஸ்ட்ரோஜன் ஜெல் கொடுத்தார். பிபி இருப்பதால் விழுங்கும் மாத்திரையைவிடத் தோலில் தடவுவது நல்லது, ரத்தம் கட்டும் ஆபத்தும் அதில் குறைவு என்றார். கர்ப்பப்பை இருப்பதால் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனையும் கட்டாயம் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப்போகும். அது கொஞ்சம் தூக்கம் வரவைக்கும் என்பதால் படுக்கும்போது போடுகிறேன். எங்கள் தெரு மருந்துக்கடையில் ஜெல் கிடைக்கவில்லை, சொல்லி வைத்து வரவழைத்தார்கள்.

இப்போது வாரத்தில் ஓரிரு ராத்திரி எழுந்திருக்கிறேன், நனையும் அளவுக்கு இல்லை. அக்னி நட்சத்திரத்தில் மின்சாரம் போன ராத்திரிகள் மோசம்தான், அது வீட்டில் எல்லோருக்கும் மோசம். போன மாதம் இடைவெளிக்குப் பிறகு மாதவிடாய் வந்தது, தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் முழுசாக நின்றதாகக் கணக்கு, அதனால் அந்தக் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பதிவேட்டில் இன்னும் எழுதுகிறேன். அடுத்த முறை போகும்போது ஜெல்லின் அளவை இப்படியே வைத்துக்கொள்வதா, குறைப்பதா என்று அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள்.