பந்து வராத ஓட்டம்

2020 ஜனவரி. ஃபுட்பால் மேட்ச் வீடியோ பாத்து, ஒரு பிளேயரை எடுக்கலாமா வேணாமான்னு கிளையண்ட்டுக்கு ரிப்போர்ட் எழுதறது என் வேலை. ரஷ்யன் லீக் குளிர்கால லீவுல இருந்துச்சு, அதனால இன்னொரு மேட்ச் பாத்துட்டு சொல்றேன்னு தள்ளிப்போடவும் வழியில்ல. அன்னிக்கு கையில இருந்தது சிஎஸ்கேஏ மாஸ்கோ கிளப்போட ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னாடி நின்னு கோல் அடிக்கிறவன், ஃபியோதர் சாலோவ் ரிப்போர்ட். ரேட்டிங்ல "இன்னும் பாக்கலாம்"னு போட்டு கீழ கமெண்ட்ல ஒரு வரி எழுதியிருந்தேன். சீனியர் அண்ணா பின்னாடி வந்து நின்னு படிச்சாரு.

"தம்பி, கமெண்ட்டெல்லாம் கிளையண்ட் படிக்க மாட்டான். எடுக்கலாமா வேணாமா, அதை சொல்லு."

"வேணாம்ணா"ன்னேன். ரேட்டிங்கை மாத்தினேன், கையோட அந்த கமெண்ட்டையும் அழிச்சிட்டேன். அவர் அழிக்க சொல்லவே இல்ல. அதுதான் இத்தனை வருஷம் கழிச்சும் உறுத்துது.

நம்பரை வெச்சு பாத்தா நான் சொன்னதுல தப்பில்ல. 2018-19ல 15 கோல், லீக்லயே டாப் ஸ்கோரர், வயசு 21. 2018 டிசம்பர்ல சிஎஸ்கேஏ ரியல் மாட்ரிட்டை அவங்க கிரவுண்ட்லயே 3-0ன்னு அடிச்சாங்களே, அதுல முதல் கோல் இவனோடது. 2019 ஆகஸ்ட்ல இங்கிலாந்து கிளப் கிரிஸ்டல் பேலஸ் கேட்டாங்க, சிஎஸ்கேஏ விடல. அதுக்கப்புறம் கோல் குறைஞ்சிருச்சு, ஆனா பேச்சு மட்டும் இன்னும் டாப் ஸ்கோரர் விலையிலயே ஓடிட்டிருந்துச்சு, அந்த நேரத்துல என் சீட்ல யார் உக்காந்திருந்தாலும் வேணாம்னுதான் சொல்லியிருப்பாங்க, அதை இப்பவும் நம்புறேன்.

ஆனா ஃப்ரேம் ஃப்ரேமா நிறுத்தி பாத்தவன் நான். டிஃபெண்டர் முதுகுக்கு பின்னாடி நிப்பான், தோளுக்கு மேல ஒரு தடவை திரும்பி பாப்பான், கைய முன்னாடி நீட்டி இங்க போடுன்னு காட்டுவான், ஓடுவான். பந்து வராது. நடந்து திரும்பி வந்து மறுபடி அதே இடத்துல நிப்பான். மேட்ச்ல நடக்கிறதை குறிச்சு வெக்கிற எங்க கீபோர்டுல ஷாட்டுக்கு ஒரு கீ, ஹெட்டருக்கு ஒரு கீ, பாஸுக்கு ஒரு கீ, இந்த ஓட்டத்துக்கு கீயே கிடையாது. நான் அழிச்ச வரி அதைப் பத்தினதுதான். 2018 சம்மர்ல சிஎஸ்கேஏ மிட்ஃபீல்டர் கோலோவின் மொனாக்கோ கிளப்புக்கு போயாச்சு, பழைய டிஃபெண்டர்கள் இக்னாஷெவிச்சும் பெரேசுட்ஸ்கி அண்ணன் தம்பியும் ரிட்டையர் ஆயாச்சு, டீமையே புதுசா கட்டிட்டிருந்தாங்க, அந்த நேரத்துல 20 வயசு பையன் மேல எவ்வளவு பாரத்தை ஏத்தினாங்கன்னு யோசிங்க. நேஷனல் டீமுக்கு போனா அங்க ஸ்ட்ரைக்கர் இடத்துல ஏற்கனவே சீனியர் ஜூபா நின்னாரு.

என் ஒரு ரிப்போர்ட்டால அவன் வாழ்க்கை மாறல, தெரியும். கிளையண்ட் ஏற்கனவே வேற பையனை பாத்து வெச்சிருந்தாங்கன்னு பின்னாடி கேள்விப்பட்டேன். அதைக் கேட்டதும் நிம்மதியா இருந்துச்சு, அப்புறம் அந்த நிம்மதி ஏன் வந்துச்சுன்னு நினைச்சு சங்கடமாவும் இருந்துச்சு.

2022 ஆரம்பத்துல லோன்ல, அதாவது கொஞ்ச நாளைக்கு இரவலா, சுவிட்சர்லாந்து கிளப் பாசலுக்கு போனான். போன கொஞ்ச நாள்லயே, பிப்ரவரி 28, உக்ரைன் போரால ஃபிஃபாவும், ஐரோப்பிய ஃபுட்பாலை நடத்துற யூஃபாவும் ரஷ்ய டீம்களை தடை பண்ணிட்டாங்க. ஸ்விஸ்ல அவன் பெருசா எதுவும் பண்ணல, அப்ப எனக்கு "பாத்தியா, சரியாத்தான் சொல்லியிருக்கோம்"னு தோணுச்சு, நாலு பேர்கிட்ட சொல்லவும் செஞ்சேன். திரும்பி மாஸ்கோ போனவன் 2022-23ல மறுபடி கோலா அடிக்க ஆரம்பிச்சான், 2023ல கிராஸ்னோடரை பெனால்டியில ஜெயிச்சு ரஷ்யன் கப்பும் எடுத்தாங்க. ஆனா அந்த சீசன் ஆட்டத்தை வெச்சு ஐரோப்பாவுல எவனும் அவனை நேர்ல சோதிச்சு பாக்க முடியாது, கிளப்பே அங்க ஆட முடியாதே. கடைசியில 2024ல கிரீஸ், பாவோக் கிளப். வயசு 26. ஸ்ட்ரைக்கருக்கு 21க்கும் 26க்கும் நடுவுல போற வருஷங்கள் திரும்ப வராது.

அப்ப நான் சொன்னது தப்பா? இன்னிக்கு அதே ஷீட்டை குடுத்தாலும் வேணாம்னுதான் போடுவேன்னு நினைக்கிறேன். கமெண்ட்டை விட்டு வெச்சிருப்பேன். யாரும் படிக்கலைன்னாலும்.

போன மாசம் அண்ணாகிட்ட ஃபோன்ல இதை சொன்னேன். "எந்த சாலோவ்டா?"ன்னாரு. அவரை குத்தம் சொல்ல முடியாது, அந்த வருஷம் அவர் டேபிளை தாண்டி போன பேருங்க அத்தனை. எனக்கு மட்டும் நல்லா ஞாபகம் இருக்குன்னு நினைச்சு, அழிச்ச வரியை அப்படியே இங்க எழுதலாம்னு உக்காந்தேன். "ஓட்டம் சரியா இருக்கு, பந்து வரல"ங்கிற அளவுக்குத்தான் வருது. அதுக்கப்புறம் இன்னும் ஏதோ இருந்துச்சு.