கதவு வளையல, மடிப்பு கண்ணுக்குள்ள

போன வருஷம் வலது கண்ணால மட்டும் பாத்தா கதவு நிலை நடுவுல அலை மாதிரி நெளியும், இடது கண்ணுல நேரா நிக்கும். கண்ணாடிக் கடையில ப்ளஸ் பவர் முக்கால் கூடியிருக்குன்னாங்க, சரின்னு புதுக் கண்ணாடி போட்டேன், எழுத்து தெளிவாச்சு ஆனா கதவு நெளியுறது நிக்கல. ஒரு கண்ணுல மட்டும் ப்ளஸ் ஏறுனா ஏன்னு கேக்கணும்னு எனக்கும் தோணல, அங்கயும் யாரும் சொல்லல.

அப்புறம் ரெட்டினா (விழித்திரை) டாக்டர். சொட்டு மருந்து விட்டு கண் பாப்பாவ விரிய வச்சு பாத்துட்டு கோராய்டல் ஃபோல்ட்ஸ்னாரு. ரெட்டினாவுக்குப் பின்னாடி ரத்தக்குழாயா நெறஞ்ச படலம்தான் கோராய்டு, அது கசங்கின துணி மாதிரி வரிவரியா மடிஞ்சிருந்துச்சு. கையில சாயம் ஏத்தி எடுக்குற ஆஞ்சியோகிராம்ல வெளிச்சக் கோடும் இருட்டுக் கோடும் மாறி மாறி வந்துச்சு, மேட்டுல, ரெட்டினாவுக்கும் கோராய்டுக்கும் நடுவுல இருக்க நிறமிப் படலம் இழுபட்டு மெலிசாயிடுறதால சாயம் பளிச்னு தெரியுமாம், பள்ளத்துல அது நெருங்கிடுறதால இருட்டு. (அன்னிக்கு ஒண்ணுக்கு ஒரே மஞ்சளா போச்சு, முன்னாடியே சொல்லியிருக்கலாம், பயந்தே போயிட்டேன்.)

மடிப்புக்குன்னு தனியா மருந்து கெடையாது, எது மடிய வைக்குதுன்னுதான் தேடணும். கண் பிரஷர் ரொம்ப எறங்கினாலும் வரும், கிளாக்கோமா (கண் பிரஷர் நோய்) ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு அப்படி ஆகும். ராத்திரி தூங்க விடாத வலி இருந்தா வெள்ளைவிழிக்குப் பின்பக்கம் வீக்கமான்னு ஸ்கேன் பாப்பாங்க, அதுக்கு ஸ்டீராய்டு. தைராய்டு, தலைக்குள்ள பிரஷர் ஏறுறது, ஏற்கனவே இருக்க ப்ளஸ் பவர், இப்படி நீளமா போகுது, காரணமே இல்லாமலும் வரும். விண்வெளியில மாசக்கணக்கா இருக்கவங்களுக்குக்கூட வருதாம்!

எனக்கு எம்ஆர்ஐல கண்ணுக்குப் பின்னாடி ரத்தக்குழாய்க் கட்டி, கேவர்னஸ் ஹீமாஞ்சியோமா. கேன்சர் இல்லன்னு சொன்ன பிறகுதான் மூச்சே வந்துச்சு. அது பின்னாடியிருந்து அமுக்கி அமுக்கி கண்ணோட நீளமே கொறஞ்சிருக்கு, அதான் ப்ளஸ் ஏறுச்சு. பழைய போட்டோவ பக்கத்துல வச்சுப் பாத்தா வலது கண்ணு துளி முன்னாடி வந்திருக்கு, தெனம் பாக்குற மூஞ்சி, வீட்ல யாரும் கவனிக்கல.

கட்டிய எடுக்குற ஆபரேஷன் ஆகி எட்டு மாசம். பவர் கிட்டத்தட்ட பழசுக்கு வந்துடுச்சு, மடிப்பு முழுசா போகல, அமுக்குனது போனாலும் சிலருக்கு வரி அப்படியே நின்னுடுமாம். கட்டம் போட்ட தாளை வாரம் ஒரு தடவ ஒவ்வொரு கண்ணா மூடிப் பாக்குறேன், புதுசா நெளிஞ்சாலோ நடுவுல கறுத்தாலோ உடனே வரச் சொல்லியிருக்காங்க, அபூர்வமா அந்த எடத்துல புது ரத்தக்குழாய் மொளச்சு கசியலாமாம். கதவு இப்பவும் துளி நெளியுது.