படுத்தா ஒட்டிக்குது, நின்னா நகருது

அம்மாவுக்கு 63 வயசு. பெருமாள் கோயில் பிரகாரத்துல பாதி சுத்து வர்றதுக்குள்ள ரெண்டு காலும் மரத்துப்போய் தூண் ஓரமா உக்காந்துடுவாங்க, ஆனா சூப்பர் மார்க்கெட்ல டிராலிய தள்ளிக்கிட்டு அரைமணி நேரம் ஜாலியா சுத்துவாங்க, நான் இதை ரொம்ப நாள் நடிப்புன்னே நெனச்சேன் (சாரிம்மா). முன்னாடி சாஞ்சு நடந்தா முதுகெலும்புல நரம்பு போற பாதை கொஞ்சம் விரியும், நிமிர்ந்தா இறுகும், அவ்ளோதான் விஷயம்.

எம்ஆர்ஐல எல்4-எல்5ங்கற கீழ்முதுகு எலும்புங்க கிட்ட நரம்பு நசுங்கியிருக்கு, மேல் எலும்பு 3 மில்லிமீட்டர் முன்னாடி நகர்ந்திருக்குன்னு வந்துச்சு. மொத டாக்டர் ஃபிலிம பாத்துட்டு, நரம்ப அழுத்துற எலும்ப மட்டும் செதுக்கி எடுத்துடலாம், எலும்புங்கள சேத்துப் பிடிக்க ஸ்க்ரூ வேணாம்னார். எங்களுக்கு ஒரே நிம்மதி. ஸ்க்ரூ போட்டா ஆயுசுக்கும் குனிய முடியாதுன்னு பெரியம்மா வேற பயமுறுத்தி வெச்சிருந்தாங்க.

மாமா தொல்லை தாங்காமதான் ரெண்டாவது டாக்டர்கிட்ட போனோம். அவர் கேட்ட மொத கேள்வியே "நிக்க வெச்சு எடுத்த எக்ஸ்ரே எங்க?". எம்ஆர்ஐ படுக்க வெச்சு எடுக்கறது, படுத்தா ஒடம்பு பாரம் எறங்கி நகர்ந்த எலும்பு பாதி தானா உள்ள போயிடும், அம்மாவுக்கு வலி வர்றது நிக்கும்போதுதானே, அப்ப எப்படி இருக்குன்னு பாக்க வேணாமான்னார். எனக்கு அது தோணவே இல்ல.

நின்னு ஒண்ணு, குனிஞ்சு ஒண்ணு, பின்னாடி வளைஞ்சு ஒண்ணுன்னு எடுக்கச் சொன்னார். அம்மா வலியில ஏதோ சாமி கும்பிடற அளவுக்குத்தான் குனிஞ்சாங்க, எடுத்தவரும் போதும்மான்னு அனுப்பிட்டார். டாக்டர் அதை ஏத்துக்கல, வலிக்கும்போது தசை இறுக்கிப் பிடிச்சுக்கும், நகர்ற எலும்பும் நகராத மாதிரி தெரியும்னு சொல்லி மாத்திரை குடுத்து மறுபடி எடுக்க வெச்சார். அதுல நகர்வு நின்னா 7 மில்லிமீட்டர், நல்லா குனிஞ்சா 8. படுத்தப்ப வெறும் 3!

எம்ஆர்ஐலயே துப்பு இருந்துச்சாம். எலும்புக்குப் பின்பக்கம் இருக்கிற ஃபேசட் ஜாயிண்ட்டுக்குள்ள நீர் கோத்து வெள்ளைக் கோடா தெரிஞ்சுது, படுக்கும்போது எலும்பு பின்னாடி போக அந்த ஜாயிண்ட் வாய் பொளந்துக்குது, அங்கதான் நீர் சேருது. 1.5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா சந்தேகப்படணும்னார். அப்புறம் ஒண்ணு சொன்னார், ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கிற டிஸ்க் ஒரேடியா தேஞ்சு ஓரத்துல எலும்பு முளைச்சிருந்தா அது பாக்கத்தான் பயங்கரம், ஒடம்பே வெல்டிங் வெச்சுக்கிட்ட மாதிரி கெட்டியா நிக்கும். அம்மாவுக்கு டிஸ்க் உயரம் நல்லாவே இருந்துச்சு, அதனாலதான் ஆடுது.

நானும் நெட்ல தேடிட்டு சும்மா இருக்காம நார்வேல நடத்தி 2021ல வெளியான ஆய்வ எடுத்துட்டுப் போனேன். இதே மாதிரி எலும்பு நகர்ந்திருந்த 267 பேர்ல பாதிப் பேருக்கு ஸ்க்ரூ, பாதிப் பேருக்கு எலும்ப செதுக்கி வெறும் நரம்பு விடுவிப்பு, ரெண்டு வருஷம் கழிச்சு ரெண்டு பக்கமும் பத்துல ஏழு பேருக்கு நல்ல முன்னேற்றம். அப்ப எதுக்கு சார் ஸ்க்ரூன்னு கேட்டேன். கோவப்படல, நெறைய பேருக்கு தேவையே இல்லதான்னு ஒத்துக்கிட்டார். எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தா ஆடுதுன்னு சொல்றதுங்கறதுலயே 3ங்கறாங்க, 4ங்கறாங்க, 4.5ங்கறாங்க, ஆனா உங்கம்மாவுக்கு பின்னாடி இருக்கிற எலும்பையும் செதுக்கிட்டா இன்னும் நழுவிடுமோன்னுதான் எனக்கு பயம்னார். எனக்கு அந்த பதில் புடிச்சிருந்துச்சு. மொத டாக்டர தப்பு சொல்லல, நிக்க வெச்சு பாத்திருந்தா அவரும் இதையே சொல்லியிருக்கலாம்.

இப்ப எலும்பு அடர்த்தி டெஸ்ட்டுக்கு எழுதிக் குடுத்திருக்கார், எலும்பு பொத பொதன்னு இருந்தா ஸ்க்ரூ பிடிக்காதாம். வியாழக்கிழமை போகணும். "அதுக்கும் குனியணுமாடா"ன்னு அம்மா கேட்டாங்க, இல்லம்மா படுத்துக்கிட்டாவே போதும்னேன், அதுக்கப்புறம்தான் சாப்பிடவே உக்காந்தாங்க.