போர்வெல் தண்ணீரில் மீனும் கீரையும்: கொழிஞ்சாம்பாறையில் என் 10 மாதம்

பாலக்காட்டு மாவட்டத்துக்குக் கல்யாணமாகிப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் "உனக்கென்னம்மா, மழைக்கும் தண்ணிக்கும் குறைவில்லை" என்றார்கள். கொழிஞ்சாம்பாறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது, சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை மறைவுப் பகுதி என்று. வீட்டிலும் கடையிலும் பேச்சு தமிழ், மண்ணும் கோயமுத்தூர் மண் மாதிரியே வறண்டது. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்க ஆரம்பித்தால் காலையில் நனைத்த கீரைப் பாத்தி மதியத்துக்குள் வெடித்துக் கிடக்கும்.

போன தையில் மாமா, "அம்மிணி, இனி கீரைக்குத் தண்ணி விடாதே, மாட்டுக்கே பத்தலை" என்றார். பாத்தியைக் காய விட எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் ஒரே தண்ணீரில் மீனும் கீரையும் வளர்க்கும் அக்வாபோனிக்ஸில் இறங்கினேன். மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டைச் செடி எடுத்துக்கொள்ளும், தண்ணீர் மறுபடி மீனுக்கே போகும். நம்மைப் போலத் தண்ணீருக்குத் தவிக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை.

கட்டுவது அவ்வளவு கஷ்டமில்லை. கோயமுத்தூரில் கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் பழைய 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி (ஐபிசி டேங்க்) ஒன்று வாங்கினேன். அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, சாப்பாட்டுப் பொருள் ஏற்றியதுதான் என்று தெரிந்துகொண்டே பணம் கொடுத்தேன். மேலே ஒரு அடி உயரத்துக்கு அறுத்தெடுத்தால் அது கூழாங்கல் நிரப்பிச் செடி நடும் கல் படுக்கை, கீழே மிஞ்சியது 700 லிட்டர் மீன் தொட்டி. பக்கத்தில் செங்கல் வைத்து, தார்ப்பாய் விரித்து இன்னொரு படுக்கை. சின்ன மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றும். படுக்கை நிரம்பியதும் பெல் சைஃபன் (குழாய்மேல் மூடி கவிழ்த்த தானியங்கி வடிகால்) தண்ணீரை மொத்தமாக இழுத்துத் தொட்டியில் விடும். இந்த சைஃபனோடு மட்டும் நான்கு நாள் போராடினேன். தண்ணீர் குறைவாக வந்தால் சைஃபன் பிடிக்காமல் குழாயில் ஒழுகிக்கொண்டே இருந்தது. கூடுதலாக வந்தால் பிடித்த சைஃபன் விடவே இல்லை. ஒரு இஞ்ச் குழாயின் தலையில் ஒன்றரை இஞ்ச் ரெடியூசரை, புனல் மாதிரி வாய் அகலமாக, மாட்டியபிறகுதான் சரியாக வேலை செய்தது. இரண்டு படுக்கையும் ஒரே நேரத்தில் நிரம்பினால் மீன் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் குறைந்துவிடும். அதனால் வால்வைத் திருகி, ஒன்று நிரம்பும்போது மற்றது வடிகிற மாதிரி வைத்தேன்.

அப்புறம், அந்த பாக்டீரியா வளரும்வரை காத்திருப்பு. மீன் விடாமல், தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைப் போட்டு அழுக விட்டேன். கோமியம் ஊற்றினால் சீக்கிரம் ஆகுமே என்றார் மாமா. புதினா, மல்லித்தழையை அப்படியே கிள்ளிச் சாப்பிடுவோம், கிருமி வந்துவிடும் என்று மறுத்துவிட்டேன். 9ஆம் நாள் அம்மோனியா சோதனைக் குழாய் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. மூன்றாவது வாரம் நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. 38ஆம் நாள் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் குழாய் நல்ல சிவப்பு. இந்த ஐந்தாறு வாரத்தைப் பொறுக்காமல் மீன் விடுகிறவர்கள்தான் மீனைச் சாகக் கொடுக்கிறார்கள். தயவுசெய்து பொறுங்கள்.

மாசிக் கடைசியில் கிஃப்ட் என்ற வேகமாக வளரும் ரகத் திலாப்பியா மீன் குஞ்சு 20 விட்டேன். இதற்கு மீன்வளத் துறையின் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மலையாளத்தில் இருந்ததால் மகள் படித்துச் சொல்ல நான் பூர்த்தி செய்தேன்.

சித்திரையில் ஒரு கோடை மழை இரவு, இரண்டு மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. மாட்டைப் பார்க்க எழுந்த மாமா கத்தினார்: "அம்மிணி, மீனெல்லாம் மேல வந்து வாயத் தொறக்குது, ஓடியா!" டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லா மீனும் மேல்மட்டத்தில் வாயை நீட்டி நீட்டி மூச்சுக்குத் தவிக்கின்றன. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் ஏற்கெனவே குறைவு, மோட்டாரும் நின்றுபோனால் அதுகள் என்ன செய்யும்? வாளியில் மொண்டு இடுப்பு உயரத்திலிருந்து ஊற்றினேன். நான் களைத்தால் மாமா, அவர் களைத்தால் நான். விடியும்வரை ஊற்றினோம். மூன்று மீன் செத்துப்போயின. அவற்றைத் தென்னை மரத்தடியில் புதைக்கும்போது அழுதேன். மறுநாளே பேட்டரியில் ஓடும் ஏரேட்டர் (தண்ணீருக்குள் காற்று ஊதும் கருவி) வாங்கிவிட்டோம். மீன் வாங்குவதற்கு முன்பே அதை வாங்கி வைத்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் பசலையும் புதினாவும் வெளிற ஆரம்பித்தன. கொழுந்து இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச் சத்துக் குறை. உரக்கடையில் கொடுத்த ஈடிடிஏ இரும்பை (செடி எடுத்துக்கொள்ளும்படி கரைந்தே இருக்கும் இரும்பு உரத்தில் ஒரு வகை) போட்டும் பலனில்லை. தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் பார்த்தால் 8.2, அதாவது காரம். ஈடிடிஏ இரும்பு பிஎச் 6.5க்கு மேல் நிற்காது. எங்கள் போர்த் தண்ணீரே கடினமானது, பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறும். ஆனால் நைட்ரேட் உண்டாகும்போது அமிலமும் உண்டாகும், இத்தனை நாளில் பிஎச் கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும். சந்தேகப்பட்டுப் படுக்கையிலிருந்து ஒரு கை கூழாங்கல் எடுத்து வினிகர் ஊற்றினேன். வெள்ளைக் கல் அத்தனையும் சோடா மாதிரி நுரைத்தது. சுண்ணாம்புக் கல்! அழகாக இருக்கிறதே என்று கலர் கலராக வாங்கிப் போட்டது நான்தான்.

மொத்தக் கல்லையும் ஒரே நாளில் மாற்றினால் கல்லில் ஒட்டி வாழும் பாக்டீரியாவும் போய்விடும். முதலில் ஒரு படுக்கையில் மட்டும் கருங்கல் முக்கால் ஜல்லியை, கழுவிய தண்ணீர் தெளியும்வரை கழுவிப் போட்டேன். மூன்று வாரம் கழித்து அடுத்த படுக்கை. அதற்குள் ஆனி வந்துவிட்டது. ஓட்டிலிருந்து விழுந்த மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்துத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை. ஆவணியில் பிஎச் 7.2. டிடிபிஏ என்ற இன்னொரு வகை இரும்பு 7.5 வரை தாங்கும் என்பதால் 11 சதவீத இரும்புள்ள அந்தத் தூளை, தொட்டியும் படுக்கையும் சேர்த்துச் சுமார் 900 லிட்டருக்கு 16 கிராம் கரைத்து ஊற்றினேன். பத்தே நாளில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது. காலையில் அந்தப் பசலை இலையைத் தொட்டுப் பார்த்தபோது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அசுவினிப் பூச்சி வந்தால் வேப்பெண்ணெய்கூட அடிக்க மாட்டேன், மீனுக்கு ஆகாது. தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுவதோடு சரி.

இப்போது நாளுக்கு ஒரு குடம் தண்ணீர் சேர்த்தால் போதும், காற்று நாளில் ஒன்றரைக் குடம். வாரம் மூன்று நாள் வீட்டுக் கீரை. புரட்டாசி கழிந்ததும் ஐந்து மீன் பிடித்தோம், ஒவ்வொன்றும் கால் கிலோவுக்கு மேல். பிஎச் பார்க்கும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். பால் கறந்ததும் சோதனைக் குழாயைத் தொழுவத்து வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஏழே கால், அம்மிணி" என்று குரல் கொடுப்பார். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு டிரம் வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாளை வேலந்தாவளம் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.