டெக்சாஸ்ல வாங்குன சப்ரசர் நியூஜெர்சிக்கு வர முடியாது

டெக்சாஸ்ல இருந்தப்ப காட்டுப்பன்னி வேட்டைக்குப் போற பழக்கம் ஒட்டிக்கிச்சு, ஒவ்வொரு தடவையும் காது கொய்ங்னு ஆகுதேன்னு சப்ரசர் வாங்க இறங்கினேன், அதாவது துப்பாக்கிக் குழல் முனைல மாட்டி சத்தத்தக் கொறைக்கிற குழாய். சினிமால வர்ற மாதிரி சத்தமே இல்லாம எல்லாம் சுடாது, ஒரு 20, 30 டெசிபல் கொறையும், அவ்ளோதான்.

1934-ல வந்த என்எஃப்ஏங்கிற ஃபெடரல் துப்பாக்கிச் சட்டத்துல மெஷின் கன்னோட இதையும் சேத்து வச்சிருக்காங்க. காசு கட்டினாலும் கைல தர மாட்டாங்க, துப்பாக்கி விஷயத்தப் பாக்குற ஃபெடரல் ஏஜென்சி ஏடிஎஃப்-க்கு ஃபார்ம் 4, அதாவது பேர் மாத்துற விண்ணப்பம் போட்டு அப்ரூவல் வர்ற வரைக்கும் கடை லாக்கர்லயே கெடக்கும். என் பேர்ல மட்டும் வாங்குனா நான் இல்லாதப்ப வேற யார் கைலயும் இருக்கக் கூடாது, அதனால ஒரு டிரஸ்ட் போட்டு அது பேர்ல வாங்கி, நண்பனையும் டிரஸ்டியா சேத்துக்கிட்டேன், டிரஸ்டி யார் வேணா வச்சுக்கலாம். 2016-லேந்து டிரஸ்ட்னாலும் ஆளாளுக்கு கைரேகை, போட்டோ குடுத்தே ஆகணும், அவன் பொலம்பிக்கிட்டே வந்தான். எனக்கு வெரல் காஞ்சு போய் ஸ்கேனர்ல ரேகையே விழல, கடைக்காரர் லோஷன் பாட்டில நீட்டி தடவிட்டு தொடச்சுட்டு வைங்கன்னார், அப்பறம்தான் விழுந்துச்சு. டேக்ஸ் 200 டாலர். 2026 ஜனவரிலேந்து சப்ரசருக்கு அது 0 ஆயிடுச்சு, எனக்கு வயித்தெரிச்சல்தான்.

நான் கிரீன் கார்டு, அதனால பிரச்சனை இல்ல. எச்1பி-ல இருந்தா ஹன்டிங் லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு தவிர துப்பாக்கியே வச்சுக்க முடியாது, வக்கீல்கிட்ட கேக்காம எறங்காதீங்க.

அப்பறம் வேலை நியூஜெர்சிக்கு மாறிச்சு. ஏடிஎஃப் அப்ரூவல் கைல இருக்கே, எடுத்துட்டுப் போலாம்னு தோணும்ல? ஃபெடரல் பக்கம் சப்ரசர ஸ்டேட் தாண்டி கொண்டு போக தனி பர்மிஷன் கூட வேண்டாம், மெஷின் கன், குட்டை பேரல் ரைஃபிள் மாதிரி சிலதுக்குத்தான் அந்த பர்மிஷன். ஆனா நியூஜெர்சில சப்ரசர் வச்சிருந்தாலே கிரிமினல் கேஸ், 18 மாசம் வரைக்கும் ஜெயில், ஏடிஎஃப் அப்ரூவல காட்டினாலும் யாரும் விட மாட்டாங்க. கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய்ஸ் இங்கெல்லாமும் சாதாரண ஆளுக்குத் தடைதான்.

டிரஸ்ட் போட்டது அப்பதான் உதவிச்சு. நண்பனும் டிரஸ்டி, சப்ரசர் டெக்சாஸ விட்டு நகரல, அவன் சேஃப்லயே சட்டப்படி இருக்கு. என் பேர்ல மட்டும் இருந்திருந்தா, விக்கணும்னாலும் அவனுக்கே குடுக்கணும்னாலும் மறுபடி ஃபார்ம் 4, மறுபடி வெயிட்டிங்.

ஆத்துக்கு அந்தப் பக்கம் பென்சில்வேனியால இதுக்குத் தடை இல்ல, அங்க வீடு எடுத்துட்டு தெனம் வேலைக்கு வந்து போலாம்னு வீட்ல சொல்லிப் பாத்தேன். ஒரு டப்பாவுக்காக புள்ளைங்க ஸ்கூல மாத்தணுமான்னு கேட்டாங்க, அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.